40, 27, 70: கொங்கு மலைப்பாதையில் ஸ்னோபோர்டு பாடம்

திங்கள் – கோவை, செட்டிபாளையம்

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க், உத்தரகாண்டின் ஆவுலி பக்கம் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது, பழகப் போகிற கொங்கு நாட்டுக்காரர்களுக்காக இந்தப் பயணம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்தின் 27, கொல்லிமலையின் 70 மூன்றையும் ஒரே வாரத்தில் ஏறி இறங்குவது திட்டம். பகலில் ரோடு, ராத்திரி லாட்ஜில் பந்தய வீடியோ. வீடியோவில் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: ஸ்னோபோர்டிலும், காலுக்கொரு பலகை மாட்டுகிற ஸ்கீயிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா. பனியே விழாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கு படிக்க முடியுமா என்றால், வளைவு என்ற ஒன்றை மட்டும் படிக்கலாம். ஸ்னோபோர்டு பந்தயம் வளைவைத் தவிர வேறொன்றும் இல்லை.

கிளம்பும் முன் செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டிகள் சுற்றுகிற நாளாகப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றால் பாதி பாடம் முடிந்துவிடும். சுமார் 2.1 கிலோமீட்டர் டிராக். வளைவுக்குள் அகலமாக நுழைந்து, உள்பக்க ஓரத்தைத் தொட்டு, மறுபடி அகலமாக வெளியேறுகிற கோட்டைக் கவனியுங்கள். தேர்ந்த ஓட்டுநர் உள் ஓரத்தைச் சீக்கிரம் தொடமாட்டார், கொஞ்சம் தாமதித்துத் தொடுவார். வெளியேறும்போது வண்டி நேராக நிற்பதற்காக. நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது பந்தயத்தின் விதி. லெடெட்ஸ்காவின் போட்டிக்குப் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் என்று பெயர். ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் சிவப்பு, நீலம் என்று இரண்டு தடம். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு உயரக் கம்பு, ஒரு குட்டைக் கம்பு, நடுவில் முக்கோணத் துணி. குட்டைக் கம்பு இருக்கிற பக்கமாகத்தான் போர்டு சுற்றிப் போக வேண்டும், உடம்பு அந்தக் கம்பின் மேலே சாய்ந்து போகலாம். கேட்டுகள் 25-ஐ ஒட்டி இருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 முதல் 27 மீட்டர். மேலிருந்து கீழே 120 முதல் 200 மீட்டர் இறக்கம். முதலில் ஆளுக்கு இரண்டு தடத்திலும் ஒவ்வொரு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டி முதல் 16 பேர். அதன் பிறகு இருவர் இருவராக மோதல், தோற்றவர் வீட்டுக்கு.

ஒரு கேட்டைத் தவறவிட்டால் ஆட்டம் அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுகிறவர் விழுந்துவிட்டார் என்று கண் ஓரத்தில் தெரிந்தாலும் கடைசிக் கேட் வரை ஒழுங்காக முடிக்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

செவ்வாய் – கணபதி, ஒரு லேத் பட்டறை

போர்டின் எட்ஜ் என்பது அடிப்பலகையைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, அகலம் 2 மில்லிமீட்டர் சுமார். பந்தயக்காரர்கள் நிற்பது அதன் மேல்தான். கோவைப் பட்டறைகளில் அரமும் வைரக் கல்லும் இருக்கின்றன, கையும் இருக்கிறது. எட்ஜ் தீட்டுவதை இங்கேயே கற்றுக்கொண்டு போவது நல்லது. குல்மார்க்கில் வாடகைக்கு வரும் போர்டு பெரும்பாலும் மொண்ணையாகத்தான் இருக்கும்.

வரிசை இப்படி. போர்டை இரண்டு வைஸில் ரப்பர் வைத்துப் பிடியுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அடிப்பலகையின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பலகை குழிந்திருக்கிறது, ஓரத்தில் கசிந்தால் நடு புடைத்திருக்கிறது. குழிந்த போர்டு ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாறவே அடம்பிடிக்கும். எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை, முதலில் அடியை மட்டப்படுத்த வேண்டும்.

அடுத்து அடிப்பக்கக் கோணம், அரை டிகிரி. அதாவது 2 மில்லிமீட்டர் அகலத்தில் எட்ஜின் வெளி ஓரம் 17 மைக்ரான் மேலே தூக்கி இருக்க வேண்டும். பட்டறைக்காரர் கணக்கைக் கேட்டுவிட்டு, "அரை டிகிரிங்களா? அது கண்ணுக்குத் தெரியாதுங்க, கைக்குத்தான் தெரியும்" என்றார். சரியான பேச்சு. இந்தக் கோணத்தை ஒரு முறை வைத்துவிட்டால் திரும்பத் தொடக் கூடாது. எடுத்த இரும்பை ஒட்டவைக்க முடியாது, அடிப்பலகை முழுவதையும் தேய்த்து இறக்கினால்தான் திருத்தம்.

பக்கக் கோணம் பழகுநர்களுக்கு 89 அல்லது 88 டிகிரி, பந்தயத்துக்கு 87 வரை. எட்ஜ் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு, கோணப் பிடியில் அரத்தை மாட்டி மூக்கிலிருந்து வால் பக்கமாக ஒரே திசையில் இழுங்கள். நான்கைந்து இழுப்பில் மசி முழு அகலத்துக்கும் சமமாகப் போனால் கோணம் உட்கார்ந்துவிட்டது. மேல் பாதியில் மட்டும் மசி மிச்சம் இருந்தால் இன்னும் உட்காரவில்லை. அழுத்த வேண்டாம். அரத்தின் பல்லில் இரும்புத் தூள் அடைத்தால் கோடு விழும், ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பிப் பிரஷால் தட்டுங்கள். பிறகு வைரக் கல் 200, 400, 600 என்று வரிசையாக, தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து நனைத்து.

கடைசி வேலை பிசிறு எடுப்பது. எல்லாரும் விட்டுவிடுவதும் இதைத்தான். பக்கவாட்டில் அரம் போட்டால் அடிப்பக்கம் மயிரிழை போல இரும்புப் பிசிறு சுருண்டு நிற்கும். விரல் நகத்தை அடியிலிருந்து வெளியே இழுத்தால் மாட்டும். அதோடு பனியில் இறங்கினால் எட்ஜ் பிடித்த இடத்தை விடாது, வளைவு முடிந்தும் போர்டு திரும்பிக்கொண்டே போய் ஆளைத் தள்ளும். நுண்ணிய கல்லை அடிப்பக்கம் மட்டமாக வைத்து ஒரு முறை ஓட்டினால் பிசிறு போய்விடும்.

மெழுகு: அடிப்பலகை உயர் மூலக்கூறு எடை பாலித்தீன், 135 டிகிரி பக்கம் உருகத் தொடங்கும். மென்மெழுகுக்கு இஸ்திரி 120 டிகிரி போதும். கடுங்குளிர் மெழுகு 140-க்கு மேல் கேட்கும், அதனால் இஸ்திரியை ஒரு நொடியும் நிறுத்தக் கூடாது. இஸ்திரிக்குப் பின்னால் திரவமாக மின்னும் மெழுகுக் கோடு நான்கு விரல் நீளத்துக்கு மேல் போனால் வேகம் பத்தவில்லை என்று அர்த்தம். புகை வந்தால் சூடு அதிகம். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆபத்துக்கு உதவும். ஆனால் அதன் தெர்மோஸ்டாட் ஏறி இறங்கும், ஸ்டீம் ஓட்டைகளில் மெழுகு சேரும், பிறகு சட்டைக்கு ஆகாது. அரை மணி ஆறவிட்டு அக்ரிலிக் தகட்டால் சுரண்டி, பித்தளைப் பிரஷ், நைலான் பிரஷ் என்று மூக்கிலிருந்து வால் பக்கம் இழுங்கள். மெழுகு பலகையின் நுண்துளைக்குள் இருந்தால் போதும், மேலே இருந்தால் இழுவைதான். ஃபுளோரின் கலந்த மெழுகு சர்வதேசப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து தடை. பழைய டப்பா யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

புதன் – பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை

பொள்ளாச்சியிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் சோதனை உண்டு. இ-பாஸ் விதி அவ்வப்போது மாறுகிறது, முன்தினம் பார்த்துக்கொள்வது நல்லது. குரங்கருவி தாண்டியதும் எண் பலகைகள் தொடங்கும். 9/40-இல் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. வரையாடு ரோட்டு ஓரத்துச் சுவரில் நிற்கும், அதற்காக வளைவிலேயே வண்டியை நிறுத்துகிறவர்களால்தான் இந்த ரோட்டில் பாதி நெரிசல்.

ஒன்பதாவது வளைவில் தார் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். உள் ஓரத்தில் பஸ்ஸின் பின் சக்கரம் ஏறி ஏறி மழமழவென்று கறுத்திருக்கும். வெளி ஓரத்தில் பொடிக்கல் ஒதுங்கிக் கிடக்கும். நடுவில் ஒரு முழ அகலத்துக்குத்தான் சொரசொரப்பு மிச்சம், நல்ல டிரைவர்கள் அதில்தான் போகிறார்கள். ஸ்னோபோர்டு தடத்திலும் இதே கதை. முதல் பத்துப் பேர் போனதும் கேட்டை ஒட்டிப் பள்ளம் விழுந்துவிடும். பின்னால் வருகிறவர் அந்தப் பள்ளத்துக்குள் போவதா, ஒரு அடி தள்ளிப் போவதா என்று மேலேயே முடிவு செய்தாக வேண்டும்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு: 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கார் திரும்பினால் பக்கவாட்டு விசை 0.3 ஜி, அதாவது உடல் எடையில் 0.3 பங்கு. பின் சீட்டில் இருக்கிறவர் கதவில் சாய்வார், அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் 15 மீட்டர் ஆரத்தில் போர்டு திரும்பினால் 1.9 ஜி. புவியீர்ப்பும் சேர்ந்தால் 65 கிலோ ஆளின் காலில் 140 கிலோ. உடம்பு செங்குத்திலிருந்து 62 டிகிரி சாய்ந்தால்தான் அதைத் தாங்க முடியும். இடுப்பு பனியை உரசுவது அழகுக்காக இல்லை. போர்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வளைவும் சுருங்கும். பக்கவெட்டு ஆரம் (போர்டின் பக்க ஓரம் உள்வாங்கியிருக்கிற வளைவின் ஆரம்) 18 மீட்டர் உள்ள போர்டை 60 டிகிரி சாய்த்தால் கிட்டத்தட்ட 9 மீட்டர் வட்டம் போடும்.

வால்பாறை டீக்கடையில் போன் வீடியோவை எட்டிப் பார்த்த ஜீப் டிரைவர் கேட்டது: "ஏனுங்க, இந்த வேகத்துல வருதே அந்தப் புள்ள, பிரேக் எங்கீங்க?"

பிரேக் இல்லைங்க. செட்டிபாளையத்துக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான். காரில் வளைவுக்கு முன்னால் பிரேக், பிறகு திருப்பம். போர்டில் பிரேக் பிடிக்கிறோம் என்று பக்கவாட்டில் சறுக்கினால் நேரம் போய்விடும். அதனால் திருப்பத்தைக் கேட்டுக்கு மேலேயே தொடங்கிவிட வேண்டும். குட்டைக் கம்பை எட்டும்போது திருப்பத்தின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும், கம்பைத் தாண்டியதும் எட்ஜை விட்டுவிட வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் கேட்டுக்குக் கீழே அழுத்தம் குவியும், போர்டு படபடவென்று துள்ளும், அடுத்த கேட்டுக்கு இன்னும் தாமதம். ஏழெட்டுக் கேட்டில் அந்தக் கடன் ஏறிக்கொண்டே போய் ஆள் தடத்துக்கு வெளியே. லெடெட்ஸ்கா வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் தெரியும்: கம்பைத் தாண்டும்போதே போர்டு அடுத்த எட்ஜுக்குக் கிளம்பிவிடும். அவர் வேகமாகத் திரும்புகிறார் என்பதைவிடச் சீக்கிரம் திரும்பி முடிக்கிறார் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

குதிகால் பக்கத் திருப்பம் எல்லாருக்கும் கஷ்டம். விரல் பக்கம் சாயும்போது கணுக்கால், முழங்கால் இரண்டும் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குதிகால் பக்கம் உட்கார்ந்த நிலை, கணுக்காலுக்கு வேலை இல்லை, போர்டு துள்ளத் தொடங்கும். பந்தயக்காரர்கள் கடினப் பூட்ஸ், அதைப் போர்டோடு பூட்டும் தகட்டுப் பைண்டிங் போட்டு, இரண்டு பாதத்தையும் 55 முதல் 65 டிகிரி வரை முன்னே திருப்பி நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், போர்டு ஒடுக்கம். பாதம் குறுக்கே இருந்தால் விரல் நுனி பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். பழகப் போகிறவர்கள் முதல் பருவம் மென்பூட்ஸிலேயே இருங்கள், இந்தக் கோணமெல்லாம் வேண்டாம். முன் பாதம் 15 முதல் 18, பின் பாதம் 0 முதல் 6 டிகிரி போதும்.

வியாழன் – வால்பாறையிலிருந்து இறக்கம்

இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரவேண்டாம். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். அட்டகட்டியில் பத்து நிமிஷம் நிறுத்திப் பிரேக்கை ஆறவிடலாம். ரோட்டைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல.

ராத்திரி பார்த்தது 2018 பியோங்சாங். ஆனால் அதற்கு முன்கதை தெரியாமல் பார்த்தால் அது குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும்.

லெடெட்ஸ்கா 1995 மார்ச் 23-இல் பிராகாவில் பிறந்தவர். அப்பா யானெக் லெடெட்ஸ்கி அங்கே பிரபலமான பாடகர். அம்மாவின் அப்பா யான் கிளாபாச் ஐஸ் ஹாக்கியில் 1972-இல் உலக சாம்பியன் ஆன செக்கோஸ்லோவாக்கியா அணிக்காரர். இரண்டு வயதில் ஸ்கீ, ஐந்து வயதில் ஸ்னோபோர்டு. எல்லாக் கோச்சும் ஏதாவது ஒன்றை விடு என்றுதான் சொல்வார்கள், இவர் விடவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் போர்டில் மட்டும் இறங்கி, பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2015-இல் ஆஸ்திரியாவின் கிரைஷ்பெர்க்கில் பேரலல் ஸ்லாலம் உலக சாம்பியன். 2016 பிப்ரவரியில் ஸ்கீ உலகக் கோப்பையிலும் கால் வைத்தார். 2017-இல் ஸ்பெயினின் சியரா நெவாடாவில் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் தங்கம், பேரலல் ஸ்லாலம் வெள்ளி. அதாவது பியோங்சாங் போகும்போது போர்டில் அவர் ராணி, ஸ்கீயில் கூட்டத்தில் ஒருவர்.

2018 பிப்ரவரி 17, பெண்கள் சூப்பர்-ஜி. இது ஸ்கீ பந்தயம், ஒரே ஓட்டம், முன்னதாகத் தடத்தில் ஓடிப் பழக அனுமதி இல்லை. காலையில் பக்கவாட்டில் சறுக்கியபடி பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். நட்சத்திரங்களெல்லாம் முதல் 20 எண்ணுக்குள் ஓடி முடித்தாயிற்று. 2014 சாம்பியன் ஆஸ்திரியாவின் அன்னா வைத் 1 நிமிடம் 21.12 நொடியில் முதலிடம், தொலைக்காட்சிகளில் வாழ்த்துகூட ஆரம்பம். 26-ஆம் எண் போட்டு வந்த லெடெட்ஸ்கா 1:21.11. கீழே வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார், கடிகாரம் தப்பு என்று நினைத்திருக்கிறார். நூறில் ஒரு நொடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 28 சென்டிமீட்டர்.

செய்தியாளர் சந்திப்பில் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. மேக்கப் போடாமல் வந்துவிட்டாராம், ஜெயிப்போம் என்று யார் கண்டது!

போர்டுக்காரிக்கு அது எப்படிக் கைகூடியது? எங்களுக்குப் படுகிற காரணம் சாதாரணமானது. கேட்டுக்கு மேலேயே திருப்பத்தை முடிப்பது, கீழே அழுத்தாமல் விட்டுவிடுவது என்று நேற்று பார்த்த அதே பழக்கம் சூப்பர்-ஜியில் இன்னும் அதிக லாபம் தரும், ஏனென்றால் கேட்டுக்கு இடையில் தூரம் அதிகம். வெளியேறும்போது மிச்சப்படுத்திய வேகம் அவ்வளவு தூரமும் கூடவே வரும். கடினப் பூட்ஸும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. மாறுவது நிற்கும் திசையும் இரண்டு எட்ஜுக்குப் பதில் நான்கு எட்ஜும்.

வெள்ளி – திருப்பூர்

போகிற வழியில் துணி வேலை. உள்ளாடையாகப் பருத்திப் பனியன் வேண்டாம். திருப்பூரில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சரிவின் மேலே தூக்கிப் போகிற நாற்காலி லிஃப்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர்-எலாஸ்டேன் இன்டர்லாக் அல்லது மெரினோ, 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), உடம்பை ஒட்டி. ஏற்றுமதி மிச்சத் துணிக்கடைகளில் தேடினால் கிடைக்கும். வாங்கும் முன் உள்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள், தடித்த ஓவர்லாக் மடிப்பு பூட்ஸ் வாய்க்குள் மாட்டினால் கெண்டைக்காலை அறுத்துவிடும்.

ஸ்கீ பந்தய உடுப்புக்கு ஒரு விதி உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி வழியே நொடிக்குக் குறைந்தது 30 லிட்டர் காற்று போக வேண்டும். காற்றுப் புகாத துணி வேகம் தரும், ஆனால் விழுந்தால் அதே துணி நிற்காமல் சறுக்கிப் போய் வலையில் அடிக்கும். நம்மூர் துணிப் பரிசோதனைக் கூடங்களில் காற்று ஊடுருவல் பார்க்கிறவர்களுக்கு இந்த அளவு உடனே புரியும்.

சனி – சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம்

பண்ணாரி அம்மன் கோயில் தாண்டியதும் சாவடி. இது புலிகள் காப்பகம், ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, வண்டி வகைக்கு ஏற்ப நேரம் மாறும். வெளிச்சம் இருக்கும்போதே ஏறி இறங்கிவிடுங்கள். மைசூர் பக்கம் போகிற லாரிகள் எல்லாம் இந்த 27 வளைவில்தான். நீள லாரி ஒன்று வளைவில் ஒரே மூச்சில் திரும்பாமல் பின்னால் எடுத்தால் இரண்டு பக்கமும் நிற்க வேண்டியதுதான். கரும்பு லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், கரும்புக்கு யானை வரும்.

எதிரே லாரி இருக்கிறதா, பின்னால் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே திருப்பத்தையும் போட வேண்டிய ரோடு இது. பேரலல் பந்தயத்திலும் எதிராளி பக்கத்திலேயே இருக்கிறார். நேரப் பந்தயத்தில் கடிகாரம் மட்டும்தான். இங்கே பக்கத்துத் தடத்தில் போர்டு உரசுகிற சத்தம் காதில் விழும். அவர் அரை போர்டு முந்தினால் நாமும் நேராகப் பாய்ந்து பிடித்துவிடலாம் என்று தோன்றும். நேராகப் பாய்ந்தால் அடுத்த கேட்டுக்குத் தாமதம். பெரும்பாலான தோல்விகள் அந்த ஒரு ஆசையில்தான்.

2018 பிப்ரவரி 24, சூப்பர்-ஜி முடிந்து ஒரு வாரம். அரையிறுதியில் ஜெர்மனியின் ரமோனா ஹோஃப்மைஸ்டர், இறுதியில் அதே நாட்டு செலினா யோர்க் இருவரையும் வென்று போர்டிலும் தங்கம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ, ஸ்னோபோர்டு இரண்டிலும் தங்கம் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. 2022 பெய்ஜிங்கில், பிப்ரவரி 8, இறுதியில் ஆஸ்திரியாவின் டானியேலா உல்பிங்கை வென்று மறுபடி. 2002-இல் ஃபிரான்ஸின் இசபெல் பிளாங்க் தொடங்கி டானியேலா மியூலி, நிகோலின் சாவர்பிரே, பட்ரிசியா கும்மர் என்று ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் புதுப் பெயர்தான் வந்திருக்கிறது. பட்டத்தைத் தக்கவைத்த முதல் பெண் லெடெட்ஸ்கா.

ஸ்கீயும் சும்மா இல்லை. 2019 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸில் டவுன்ஹில் என்ற அதிவேக ஸ்கீ பந்தயம், 2020 டிசம்பரில் வால் டிசேரில் சூப்பர்-ஜி என்று உலகக் கோப்பை வெற்றிகள், 2025-இல் சால்பாக் உலக சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில் வெண்கலம். இதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடுதான் பெரிய விஷயம். பியோங்சாங் காலத்தில் போர்டுக்கு அமெரிக்கரான ஜஸ்டின் ரைட்டர், ஸ்கீக்கு டோமாஷ் பாங்க் என்று இரண்டு தனித் தனி கோச். இரண்டு நாட்காட்டி. அவை மோதினால் ஒன்றை விட்டாக வேண்டும். 2019 பிப்ரவரியில் ஸ்வீடனின் ஓரேயில் ஸ்கீ உலக சாம்பியன்ஷிப், அதே நாட்களில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில் ஸ்னோபோர்டு உலக சாம்பியன்ஷிப். ஸ்கீ பக்கம் போனார். 2026 ஒலிம்பிக் அட்டவணையில் கோர்டினாவில் பெண்கள் டவுன்ஹில்லும் லிவின்யோவில் பேரலல் ஜயன்ட் ஸ்லாலமும் ஒரே நாள், பிப்ரவரி 8. நாளை மாற்றச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. இந்த முறை போர்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விளையாட்டிலும் உச்சத்தில் இருக்கும் ஒருவருக்காக ஒரு நாள் தள்ளிவைக்க முடியாத அட்டவணையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆயிரம் காரணம் சொல்லட்டும்.

ஞாயிறு – நாமக்கல், காரவள்ளி, கொல்லிமலை

சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 1/70 தொடங்குகிறது. வளைவுகள் அடுக்கடுக்காக, நடுவில் மூச்சுவிட இடமில்லை. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து வளைவு திரும்பும் பக்கமாகவே தூரத்தில் பாருங்கள், போனைப் பார்க்க வேண்டாம். போர்டிலும் பார்வை எப்போதும் அடுத்த கேட்டில், காலடிக் கேட்டில் இல்லை. பார்வை கீழே விழுந்தால் தோளும் விழும், எடை முன் காலிலிருந்து நழுவும்.

இந்த மலையை ஏன் கடைசியில் வைத்தோம் என்றால், ஒரு கணக்குக்காக. பந்தய நாளில் இறுதி வரை போகிறவருக்குத் தகுதிச் சுற்றில் இரண்டு ஓட்டம், பிறகு 16 பேர் சுற்று, கால், அரை, இறுதி என்று நான்கு. ஆறு ஓட்டம், ஓட்டத்துக்கு 25 கேட் என்றால் 150 திருப்பம். எல்லாம் ஒரே நாளில். கொல்லிமலை ஏறி இறங்கினால் 140. ஸ்டியரிங் பிடித்தவரின் தோளை மலைமேல் உள்ள செம்மேட்டில் தொட்டுப் பாருங்கள், அது உட்கார்ந்துகொண்டே செய்த வேலை. ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் எடையின் இருமடங்கைக் காலில் தாங்கி, அதை 40 நொடிக்குள் 25 முறை செய்து, லிஃப்டில் ஏறி, ஆறிப்போன தொடையோடு மறுபடி. கடைசி ஓட்டத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் நுட்பத்தில் தோற்பதில்லை. தொடை எரியும்போது இடுப்பு மேலே எழும், இடுப்பு எழுந்தால் எட்ஜ் கோணம் குறையும், குறைந்தால் போர்டு சறுக்கும்.

அதற்குப் பயிற்சி இங்கேயே இருக்கிறது. அறப்பளீசுவரர் கோயில் பக்கம் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. ஏறுவது இதயத்துக்கு, இறங்குவதுதான் தொடைக்கு. நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலையைத் தொடைத் தசை இறங்கும்போதுதான் செய்கிறது, போர்டிலும் அதே வேலை. முழங்காலை விரலுக்கு நேராக வைத்து, குதிக்காமல், ஒரு படிக்கு ஒரு நொடி எடுத்து இறங்குங்கள். 50 படிக்கு ஒரு முறை அரை உட்காரல் நிலையில் 40 நொடி நில்லுங்கள், ஒரு ஓட்டத்தின் அளவு அது. ஆறு முறை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மழைக்காலத்தில் படி பாசி பிடித்து வழுக்கும், ரப்பர் செருப்போடு போக வேண்டாம்.

வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள்தான் உச்சம், மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டும். அந்த இரண்டு நாளும் நடை மட்டும். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் சுவரோரம் உட்காரல் 40 நொடி ஆறு முறை, ஒற்றைக் கால் உட்காரல் காலுக்கு எட்டு, வாரத்துக்கு மூன்று நாள். பனிக்குப் போக எட்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் போதும். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ரயிலில் போர்டு அனுப்புகிறவர்கள் எட்ஜைத் துடைத்துக் காயவைத்து, சுரண்டாத மெழுகு எட்ஜ் மேலும் படியும்படி விட்டுக் கட்டுங்கள். சுரண்டுவதைக் குல்மார்க்கில் வைத்துக்கொள்ளலாம். ஈரப் பையில் மூடி வைத்தால் சேர்வதற்குள் துரு.